பீரிக்குக் காது திறந்த நாள்

“மருதாயி. பெண். வயது நாற்பத்தொன்பது. விதவை. இரு காதுகளும் முற்றாகக் கேளாதவர். பாரமற்ற வேலைக்கு மட்டுமே உகந்தவர்.”

தோட்டத்து மருந்துச்சாலை முத்திரை குத்திக் கொடுத்த இந்தத் துண்டுச் சீட்டை 1998ஆம் ஆண்டு முழுவதும் மருதாயி வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். இதில் பெண் என்பது சரி. விதவை என்பதும் சரி. வயதைப் பற்றி அவருக்கே இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. காதைப் பற்றிய வாக்கியம் மட்டும் முழுப் பிழை. றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கிடக்கும் வீட்டறைகளில், கடைசிக் காம்பராவில் இருந்தபடியே முதல் காம்பராவில் தேங்காய் துருவுவதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். செவிடு என்று நம்பியதால் லயத்தார் அவர் முன்னால் எதையும் பேசினார்கள். யாருடைய கோழி யாருடைய சட்டிக்குள் போனது, எந்த மாமியார் எந்த மருமகளுக்கு என்ன பட்டம் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காது கேளாதவர் என்று பெயர் எடுத்தவரே அங்கே அதிகம் கேள்விப்பட்டவர்.

ஆனால் நல்ல காதுக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்கக் கூடாததும் அதற்குக் கேட்டுவிடும். தினமும் லாம்பு ஏற்றுகிற நேரத்தில், பனிமூட்டம் இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைக்குள் ஏறி வரும்போது, மருதாயியின் கதவுக்கு வெளியே ஓர் ஆண் குரல் ஒரே ஒரு தரம் “மருதாயி” என்று கூப்பிட்டது. அந்தக் குரலுக்கு உரியவர் யாரென்று அவருக்குத் தெரியும். பதில் சொல்வதா வேண்டாமா என்பதுதான் தெரியவில்லை.

தோட்டத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே “என்ன?” என்று கேட்டுவிடக் கூடாது. இரண்டாம் தரத்துக்கும் வாய் திறக்கக் கூடாது. பேய்க்கு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடத் தெரியாது. மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனுசர், தாராளமாகப் பதில் சொல்லலாம். பேய்க்கு ஏன் எண்ணத் தெரியாமல் போயிற்று என்று நான் விசாரித்ததுண்டு. “அது பள்ளிக்கூடம் போகலீங்களே” என்று சொன்னார்கள். பேய் பிசாசு என்று எதையும் நான் நம்புவதில்லை. அந்தி நேரத்தில் மேற்பிரிவு லயத்துப் பக்கம் போவதுமில்லை.

மருதாயியின் கணவர் அழகமுத்து தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏ புள்ள”, “இந்தா”, கோபம் வந்தால் “இவளே”. அவ்வளவுதான். 1993இல், மழைக்காலத்து அந்தி ஒன்றில், மருதாயி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே “மருதாயி” என்று ஒரு சத்தம் வந்தது. குரல் அழகமுத்துவினுடையது போலத்தான் இருந்தது. ஆனால் அழகமுத்து பேர் சொல்ல மாட்டார். ஆகவே அது அழகமுத்து இல்லை. மருதாயி கையில் மாவோடு இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. பேயை ஏமாற்றிவிட்ட ஒரு சின்னச் சந்தோசத்தோடு ரொட்டியைக் கல்லில் போட்டார். ரொட்டி வெந்து, அடுத்ததும் வெந்த பிறகு, மனிதரை இன்னும் காணவில்லையே என்று கதவைத் திறந்தார். அழகமுத்து வாசல்படியில் முகத்தை வைத்துக் கிடந்தார்.

இருதயம் நின்றுவிட்டது, உடனே கதவைத் திறந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அப்போதிருந்த மருந்துச்சாலை ஐயா சொன்னார். அது வைத்தியம். மருதாயியின் கணக்கு வேறு. ஆயுளில் ஒரே ஒரு தரம் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதருக்குத் தான் பதில் சொல்லவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அந்தக் குரல் மறுபடி வரத் தொடங்கியது. ஒரே ஒரு தரம். வருவது அவர்தானா, அவருடைய குரலைப் போட்டுக்கொண்டு வேறொன்றா? பதில் சொன்னால் தன் உயிர் போகலாம். சொல்லாவிட்டால் அவரை மறுபடியும் வாசலில் நிறுத்திவைத்ததாகும். மருதாயி ஒவ்வொரு நாளும் மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்தார். நாளடைவில் எந்தக் குரலையும் அவரால் நம்ப முடியவில்லை. பொழுது சாய்ந்த பிறகுக்கான முறையைப் பட்டப்பகலுக்கும் நீட்டிவிட்டார். பகலிலும் பாதி நேரம் பனிமூட்டம்தான் என்பதால் இதை முழுப் பைத்தியம் என்று சொல்லவும் முடியாது.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பிரட்டில் கங்காணி காத்தமுத்து ஆட்களைக் கூப்பிடுவார். தோட்டத்தில் “பேர்” என்றாலே ஒரு நாள் வேலைதான். பதில் சொல்லாதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை.

“மருதாயி!”

சத்தமில்லை.

“ஏ மருதாயி!”

கண்ணெதிரே நிற்கிறார், சத்தமில்லை.

“என்னாம்மா மருதாயி, செத்துக் கித்துப் போயிட்டியா?”

“இருக்கேனுங்க.”

இது தினமும் நடந்ததால் கங்காணி அவரை மருந்துச்சாலைக்கு அனுப்பினார். அங்கே புதிதாக வந்திருந்த சிவம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் சோதித்துப் பார்த்தே முடிவு செய்பவர். மருதாயியைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துப் பின்னால் போய் நின்று “மருதாயி” என்றார். பிறகு கொஞ்சம் உரத்து “மருதாயி” என்றார். மருதாயி அசையவில்லை. இன்னும் ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சிவம் ஐயா இரண்டோடு திருப்திப்பட்டு, “பாவம், முழுச் செவிடு” என்று துண்டை எழுதி, காதுக்கு விட ஒரு சொட்டு மருந்துப் போத்தலும் கொடுத்தார்.

அந்தப் பிழையான துண்டு ஒரு நல்ல காரியமும் செய்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடம் ராணுவத்தார் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்துப் பேர் வாசிப்பார்கள். பேர் வாசித்தும் பதில் சொல்லாமல் நிற்கிற தமிழ்ப் பெண்ணைப் பார்த்து யாரும் கோபப்படாமல் இருக்கக்கூடிய காலம் இல்லை அது. துவக்கோடு நின்ற பையன் இரண்டாம் தரம் கத்தியபோது பஸ்ஸில் வந்தவர்கள் துண்டை நீட்டி, “பீரி, மஹத்தயா, பீரி” என்றார்கள். பீரி என்றால் சிங்களத்தில் செவிடு, மஹத்தயா என்றால் ஐயா. மருதாயி சொல்லாத பொய் மருதாயியைக் காப்பாற்றியது.

நாய்க்குட்டி வந்ததும் அதே முறையால்தான்.

பஜாரில் இப்றாஹிம் முதலாளியின் கடைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த நாய் ஒன்று லொறியில் அடிபட்டுச் செத்துவிட்டது. குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியது. நாயைத் தொட்டால் மார்க்கப்படி முதலாளிக்குக் கழுவுகிற வேலை அதிகம். ஆகவே தொடவில்லை. ஆனால் ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, பாலில் தோய்த்து, ஒரு முழம் தள்ளி நின்று அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் மருதாயி மண்ணெண்ணெய் வாங்கப் போனார்.

“மருதாயி, இந்தப் பாவத்த ஊட்டுக்குக் கொண்டு போறீங்களா?”

மருதாயி போத்தலை நீட்டிக்கொண்டு நின்றார்.

“மருதாயி! ஒங்களத்தான். தாயும் மௌத்தாப் போச்சு. வளக்கிறீங்களா?”

பதில் இல்லை. காது கேளாதவரிடம் பேசுவது நினைவு வந்து, முதலாளி கடை அதிரக் கத்தினார். “மருதாயி! கொண்டு போறீங்களா, இல்லயா?”

“ம்” என்றார் மருதாயி.

அவர் ‘ம்’ என்றது தன் பேருக்கு. முதலாளி அதைக் கேள்விக்கான பதில் என்று எடுத்துக்கொண்டார். “அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத தருவான்” என்று சொல்லி, சீனிச் சாக்கில் சுற்றி, அதையும் ஈர்க்குச்சியாலேயே தள்ளி, குட்டியை மருதாயியின் கூடைக்குள் இறக்கிவிட்டார். வாய் தவறிச் சொன்ன ‘ம்’மை எப்படித் திருப்பி எடுப்பதென்று மருதாயிக்குத் தெரியவில்லை. பஸ் வேறு வந்துவிட்டது.

குட்டி ஒரு சாண்கூட இல்லை. வயிறு ரோசா நிறம், முதுகில் எலிக்குஞ்சின் மயிர். கண் கீறல் விட்டிருந்தது, உள்ளே நீலப் படலம். காது இரண்டும் மண்டையோடு ஒட்டிக் கிடந்தன. அந்தப் பருவத்தில் நாய்க்குட்டிக்குக் கேட்காது. லயத்தில் உண்மையாகவே காது கேளாத ஒரே ஜீவன் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

பக்கத்துக் காம்பரா ஜீவராணி கைக்குழந்தைக்காரி. எட்டிப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கத்தினாள்.

“அத்தே! இது பொழைக்காது அத்தே! அடி செவிட்டு அத்தே, கண்ணே தொறக்கலயே, யாரு இதுக்குத் தாய்ப்பால் குடுக்கிறது?”

“நீதான் குடுக்கிறியே ஒண்ணுக்கு. இன்னொண்ணுக்குக் குடேன்.”

“ஆத்தாடி! வாயப் பாரு. காதுதான் இல்ல.”

கறந்த பாலைத் தண்ணீர் கலந்து சுடவைத்தார் மருதாயி. குட்டிக்கு நக்கத் தெரியவில்லை. சொட்டு மருந்துப் போத்தலைத் தேடி எடுத்து, மருந்தை வாசலில் கொட்டிவிட்டு, அதன் ரப்பர் தலை வைத்த கண்ணாடிக் குழாயைக் கழுவி, அதால் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். கொழுந்துக் கூடையைச் சாய்த்து, பழைய சாராயப் போத்தலில் சுடுநீர் நிரப்பித் துணி சுற்றி வைத்து, அழகமுத்துவின் கிழிந்த கோட்டை விரித்துக் குட்டியை அதற்குள் விட்டார். தாய் நக்கிவிடாவிட்டால் இந்த வயதுக் குட்டிக்கு ஒன்றுக்குக்கூடப் போக வராது. வெந்நீரில் நனைத்த துணியால் வயிற்றைத் துடைத்துத் துடைத்துப் போகவைத்தார். முதல் சில இரவுகள் அது தாயைத் தேடிக் கத்தியதில் லயமே தூங்கவில்லை. “ரெண்டும் பீரி, ஒண்ணு கத்துறது ஒண்ணுக்குக் கேக்காது, நாமதான் சாகணும்” என்றாள் ஜீவராணி. குட்டிக்குப் பீரி என்றே பேர் நின்றுவிட்டது.

அந்தியில் குரல் வரும்போது பீரி கோட்டுக்குள் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். மருதாயி அதன் முதுகில் கை வைத்தபடி அடுத்த தரத்துக்காகக் காத்திருப்பார். அதற்குக் கேட்கவில்லை என்பது அவருக்குப் பொறாமையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. கேட்பது தனக்கு மட்டும் என்றால் அது தன் மண்டைக்குள் இருக்கலாம். மண்டைக்குள் இருப்பவருக்குக் கதவு திறக்க வேண்டியதில்லை.

ஒரு பின்நேரம் ஜீவராணி இரவல் வாங்கிய பெரிய சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்து, கதவருகே கை நழுவிப் போட்டுவிட்டாள். சட்டி சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. கூடைக்குள் பீரி தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மருதாயியும் அப்படியே துள்ளினார்.

“காது தொறந்திருச்சு!” என்றார் மருதாயி, சந்தோசத்தில்.

“ஒங்களுக்கா?” என்றாள் ஜீவராணி.

பிறகு அவளுக்கே விசயம் விளங்கத் தொடங்கியது.

“அத்தே, ஒங்களுக்குக் கேக்குதா?”

மௌனம்.

“அத்தே, கேக்குதா?”

மௌனம்.

“அத்தே, என்மேல சத்தியமாச் சொல்லுங்க, கேக்குதா?”

“கேக்குது. எப்பவும் கேக்கும்.”

ஜீவராணி சட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலமாக அந்த இடத்தில் நின்று தான் என்னென்ன பேசினோம் என்று அவள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “எங்க மாமியாரப் பத்திச் சொன்னதுமா?” என்று கேட்டாள். “அதுவுந்தான். நல்லாத்தான் சொன்னே” என்றார் மருதாயி. பிறகு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். ரொட்டியை, கல்லை, வாசல்படியை, ஒரே ஒரு தரத்தை.

சொல்லி முடிப்பதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. லாம்பு ஏற்றினார்கள். அப்போது நடந்ததை ஜீவராணி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள், ஒருமுறையும் மாற்றிச் சொன்னதில்லை.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. பீலித் தண்ணி ஊத்துற சத்தந்தான். அத்த மட்டும் வெறைச்சுப் போயி உக்காந்திருக்கு. பாத்தா, குட்டி தலையத் தூக்கிருச்சு. கதவப் பாக்குது. அது வாலு இருக்கே, சுண்டுவெரல் அளவு, அத ஆட்டுதுங்க. தெரிஞ்ச ஆளு வந்தா ஆட்டுமே, அப்புடி. அதுக்கு யாரைத் தெரியும்? அத்தைய விட்டா யாரைத் தெரியும்?”

ஜீவராணி பின்கதவால் தன் காம்பராவுக்கு ஓடிவிட்டாள். மருதாயி அன்று முன்கதவைத் திறக்கவில்லை.

செய்தி மருந்துச்சாலைக்குப் போனது. சிவம் ஐயா மருதாயிக்குக் காது கேட்பதை முதலில் தன் சொட்டு மருந்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். மருந்து வாசலில் போய், அதன் குழாய் நாய்க்குப் பால் கொடுக்கிற சாமானாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, “பின்னை நாய்க்கெண்டாலும் கேட்டுதுதானே” என்று சமாளித்தார். துண்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை. “அது இருக்கட்டும் அம்மா. பஸ்ஸிலை போகேக்கை உங்களுக்குக் காது கேளாமல் இருக்கிறதுதான் நல்லது.” குட்டி வால் ஆட்டுவதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. புதிதாகத் திறந்த காது, கீழ் வளைவில் வரும் கடைசி பஸ்ஸின் ஹோர்ன் சத்தம். அவ்வளவுதான்.

அந்த வாரமே மண் சரிந்து பாதை அடைபட்டது. பஸ் வரவில்லை. பீரி வால் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

அந்தியில் குரல் கேட்டதும் அது கூடையிலிருந்து தானாகவே புரண்டு விழும், கால்கள் நாலு பக்கமும் வழுக்க, வயிற்றை இழுத்துக்கொண்டு கதவடிக்குப் போகும். கதவின் கீழ்ச் சந்தில் மூக்கை வைத்து மணந்து பார்க்கும். ஊளையிடாது, மயிர் சிலிர்க்காது. கெட்டதைக் கண்டால் நாய் எப்படி இருக்கும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். இது அப்படி இருக்கவில்லை. பெரிய நாய்களே அங்கே அந்திக்குப் பிறகு வெளியே போவதில்லை. காட்டோரத்திலிருந்து சிறுத்தை இறங்கும். ஆகவே கதவைத் திறக்கக் கூடாததற்கு மருதாயியிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. அத்தனையும் வரிசையாக இருந்தும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது குரல் மண்டைக்குள் இல்லை. வாசலில் ஒருவர் நிற்கிறார், உள்ளே இரண்டு பேருக்குக் கேட்கிறது, அதில் ஒன்று போய் வரவேற்கிறது.

“பூசாரிகிட்டக் கேட்டுப் பாக்கலாமே அத்தே” என்றாள் ஜீவராணி.

“அவரு என்னா சொல்லுவாரு? மூணு தரம் பொறுத்திருன்னுவாரு.”

“அப்ப குட்டி மட்டும் ஒரு தரத்துலயே போகுதே?”

“அதுக்கு மொற தெரியாது.”

“அதுக்கு ஒண்ணும் ஆகலயே!”

 

அடுத்த நாள் அந்தியில் ஜீவராணி தன் காம்பரா ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு, மீதிப் பாதியால் பார்த்துக்கொண்டிருந்தாள். பனிமூட்டம் இஸ்தோப்புத் தூணை மறைத்திருந்தது. உள்ளே குட்டி முனகுவது கேட்டது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி முனகியது. பிறகு நடந்ததைப் பற்றி மறுநாள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு பெரிய தர்க்கமே நடந்தது. வெளியிலிருந்து வந்தது ஒரு தரம், குட்டி முனகியது இரண்டு தரம், ஆக மொத்தம் மூன்று, முறை தப்பவில்லை என்று ஜீவராணி வாதாடினாள். நாயின் சத்தம் கணக்கில் சேராது என்றார் கங்காணி காத்தமுத்து. “நீங்களே சொல்லுங்க அத்தே, மூணு வந்துச்சா இல்லயா?” என்று கேட்டார்கள்.

“நான் எண்ணல” என்றார் மருதாயி.

எண்ணாமல் அவர் செய்தது இதுதான். பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து எழுந்தார். கதவடியில் கிடந்த குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “இந்தா, வந்துட்டேன்” என்று சொல்லி, கதவைத் திறந்தார்.